போனின் படலையை யார் யார் தட்டலாம்?

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் போன் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இதுதான்: "பற்றரி நிக்குதில்ல தம்பி, போனும் சும்மா சும்மா கத்துது." பற்றரியைக் கழற்ற முதல் நான் திரையின் மேல்விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்ப்பேன். அங்கே ஒரு சந்தையே கூடியிருக்கும். யாரோ ஒருவரின் பிறந்தநாள், எப்போதோ விளையாடி விட்ட கேம் ஒன்றின் "உங்களைக் காணோமே" என்ற அழுகை, டேட்டா விளம்பரம், நாலு குரூப்பில் ஒரே மரண அறிவித்தல், "உங்கள் போனில் 5 வைரஸ்" என்ற பச்சைப் பொய், இத்தனைக்கும் அடியில் கிளினிக் திகதியை நினைவூட்டி வந்த எஸ்எம்எஸ் ஒன்று, மூன்று நாளாகத் திறக்கப்படாமல்.

நோட்டிபிகேஷன் என்று சொல்லும் இந்த அறிவித்தல்களைப் பற்றி யாராவது பேசினால் "போனைக் குறைச்சுப் பாவியுங்கோ" என்ற புத்திமதியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. போன் கத்துவது உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம், ஆனால் கண் தெரியாத ஒருவருக்கோ, கவனத்தை ஓரிடத்தில் பிடித்து வைக்கவே படாதபாடு படும் ஒரு பிள்ளைக்கோ அதே சத்தம் போனையே பாவிக்க விடாத தடையாகிவிடுகிறது. படிக்கட்டு மட்டும் உள்ள கந்தோருக்குச் சக்கர நாற்காலியில் வந்து நிற்பவரின் நிலை மாதிரி.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐபோனில் வெளி ஆப்புகள் திரையில் செய்தி தள்ளும் வசதி 2009இல் வந்தது, அண்ட்ரொய்டில் அடுத்த வருடம். அதற்கு அப்போது சொன்ன முக்கிய காரணமே பற்றரிதான். ஒவ்வொரு ஆப்பும் பின்னால் ஓடிக்கொண்டே "ஏதும் வந்ததா, ஏதும் வந்ததா" என்று தன் சேவரை, அதாவது கம்பனியின் கணினியைக் கேட்டுக்கொண்டிருந்தால் பற்றரி இறங்கிவிடும், ஆகவே போன் ஒரே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கட்டும், யாருக்காவது சொல்ல இருந்தால் அந்த வழியாக வந்து சொல்லட்டும் என்பதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. பற்றரியை மிச்சம் பிடிக்கப் போட்ட அந்த வழியால் இன்று வந்து குவிகிறவை திரையை நாள் முழுக்க எழுப்பிக்கொண்டே இருக்கின்றன, நான் கடையில் உட்கார்ந்து பற்றரி விற்கிறேன்.

பிழை தொழில்நுட்பத்தில் இல்லை, வழியைத் திறந்து வைத்தவுடன் யார் யார் உள்ளே வந்தார்கள் என்பதில் இருக்கிறது. இலவச ஆப்புக்குக் காசு விளம்பரத்தால் வருகிறது, விளம்பரத்தைக் காட்ட வேண்டுமென்றால் நீங்கள் உள்ளே வர வேண்டும், வராவிட்டால் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அம்மா அனுப்பும் செய்தியும், யாரோ உங்கள் போட்டோவுக்கு லைக் போட்டதும், ஒரே சத்தம், ஒரே சிவப்பு இலக்கம். மூளைக்கு இரண்டையும் பிரித்தறிய வழி இல்லை, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த "எடுத்துப் பார்த்தால்தான்" என்பதில்தான் முழு வியாபாரமும் நிற்கிறது.

2017இல் வந்த அண்ட்ரொய்ட் 8 இதற்கு ஒரு கடிவாளம் போட்டது: ஒவ்வொரு ஆப்பும் தன் அறிவித்தல்களை வகை வகையாகப் பிரித்துத் தரவேண்டும், பாவிக்கிறவர் எந்த வகையையும் தனியாக நிறுத்தலாம். 2022இல் வந்த அண்ட்ரொய்ட் 13இலிருந்து புதிய ஆப் ஒன்று உங்களிடம் அனுமதி கேட்காமல் அறிவித்தல் அனுப்பவே முடியாது. ஐபோனில் இந்த அனுமதி தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் எங்கள் பக்கம் கைமாறி வரும் பழைய போன்கள்தான் நிறைய. அண்ட்ரொய்ட் 12உம் அதற்குக் கீழும் உள்ள போன்களில் ஆப்பை இறக்கியவுடனேயே அதற்குப் படலை திறந்துதான் இருக்கும், பூட்டுவது உங்கள் வேலை. அப்படி ஒரு பூட்டு இருப்பதே கடைக்கு வரும் பலருக்குத் தெரியாது, மெனு ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு காரணம்.

சரி, சத்தம் வந்தால் என்ன, பார்க்காமல் விட்டால் போச்சு என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2015இல் அமெரிக்காவின் புளோரிடா அரச பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கவனம் தேவைப்படும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, நடுவில் போனுக்கு அறிவித்தல் அனுப்பினார்கள். பங்கெடுத்தவர்கள் போனைத் தொடவே இல்லை, ஆனாலும் அவர்களின் பிழைகள் கூடின. அந்தப் பாதிப்பு, போனைக் கையில் எடுத்துப் பாவித்தவர்களிடம் கண்ட பாதிப்போடு ஒப்பிடக்கூடிய அளவில் இருந்தது. சத்தம் கேட்டவுடன் "யாராக இருக்கும்" என்று மனம் ஒரு முறை கிறுகிப் பார்த்துவிடுகிறது, அது போதும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதற்குப் பக்கத்து விஷயம் ஒன்றை எழுதினார்: ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. தோசைக்கல்லில் ஒட்டிய மா மாதிரி. குளோரியா மார்க் குழுவினர் 2008இல் கண்டது இன்னும் சுவாரசியம்: இடையூறு வந்தவர்கள் வேலையை விரைவாகவே முடித்தார்கள், ஆனால் மன அழுத்தமும் விரக்தியும் கூடியிருந்தன. ஆகவே "நான் எல்லாத்தையும் சமாளிக்கிறேன்தானே" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, விலையை வேறு இடத்தில் கட்டுகிறார்.

அக்காவின் மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். ஒரு நாள் பின்னேரம் அவளிடம், இனி ஒரு மணித்தியாலம் போன் கத்தும் ஒவ்வொரு முறையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வை, எடுத்துப் பார்க்காதே, யார் என்று ஊகித்து மட்டும் எழுது என்றேன். அவள் எழுதியது இப்படி: "ரியூசன் குரூப். சின்னம்மா. தெரியாது. ரியூசன் குரூப். ரியூசன் குரூப். தெரியாது. டிக்டொக்கா இருக்கும். அம்மாவா? தெரியாது." அந்த "அம்மாவா?" என்ற இடத்தில் முன்பக்கத்துத் தொகையிடல் கணக்கு பாதியில் நின்றிருந்தது, அடுத்த வரியில் கழித்தல் குறி மாறிப்போயிருந்தது. மறுகா எடுத்துப் பார்த்தோம், அது அம்மா இல்லை, செருப்பு விளம்பரம்.

இப்போது அதே மேசையில் கவனக்குறைவும் மிகையியக்கமும் உள்ள, ஏடிஎச்டி என்று சொல்லும் நிலையோடு பிறந்த பிள்ளையை இருத்திப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குக் கணக்குக்குள் நுழைவதே பெரிய பாடு, நுழைந்தபின் ஒரு சத்தம் வெளியே தூக்கிப் போட்டால் திரும்ப உள்ளே போக இன்னொரு பாடு. 2016இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 221 மாணவர்களை ஒரு வாரம் அறிவித்தல்களைத் திறந்து, போனைக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருக்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திப் போனைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். திறந்து வைத்திருந்த வாரத்தில் கவனச்சிதறலும் நிலைகொள்ளாமையும் கூடுதலாக இருந்ததாக மாணவர்களே சொன்னார்கள். போன் ஏடிஎச்டியைக் கொண்டுவருகிறது என்று இதற்குப் பொருள் இல்லை, அந்த மாணவர்கள் சாதாரண மாணவர்கள். சாதாரணப் பிள்ளைக்கே அப்படி என்றால் ஏற்கனவே அந்தச் சுமையோடு இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பதுதான் என் கேள்வி. ஓட்டிசம் உள்ள சிலருக்குச் சத்தமே உடம்பு வலி மாதிரி. ஒற்றைத் தலைவலிக்காரருக்குத் திரை பளிச்சென்று எரிவது. இன்னொரு கூட்டமும் எங்கள் ஊரில் இருக்கிறது, யாரும் அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை: யுத்தமும் 2004 சுனாமியும் பார்த்த உடம்புகள். எதிர்பாராத சத்தத்துக்கு ஒரு கணம் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு ஒன்றும் இல்லாத மாதிரிச் சிரிக்கும் ஆட்களைக் கடையிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் போனை எப்போதும் சைலண்டில்தான் வைத்திருப்பார், மகள் எடுத்தாலும் தெரியாது. அவருக்கு மகளின் அழைப்புக்கு மட்டும் மெல்லிய சத்தம் ஒன்று வைத்துக் கொடுத்தேன், ஐந்து நிமிட வேலை.

ஆரையம்பதியில் எனக்கொரு கூட்டாளி, கண் தெரியாதவர். போனில் டோக்பேக் போட்டிருக்கிறார், அதாவது திரையில் விரல் படும் இடத்தில் இருப்பதைப் போன் வாசித்துச் சொல்லும். ஐபோனில் இதே வேலையை வொய்ஸ்ஓவர் செய்கிறது. நீங்களும் நானும் திரையைக் கண்ணால் மேய்கிறோம், அறிவித்தல் மேலே எட்டிப் பார்த்தால் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தொடரலாம். அவருக்கு இருப்பது ஒரே ஒரு குரல். அந்தக் குரல் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சொல்லும், புதிதாக ஏதும் வந்தால் சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு அதைச் சொல்லப் போய்விடுவதும் உண்டு.

ஒரு நாள் என் கடையிலிருந்தே வங்கி ஆப்பில் காசு அனுப்பிக்கொண்டிருந்தார். ஓடிபி, அதாவது கொஞ்ச நேரம் மட்டும் செல்லும் இரகசிய இலக்கம், எஸ்எம்எஸ்ஸில் வந்தது. குரல் வாசிக்கத் தொடங்கியது: "ஏழு, மூன்று, மூன்று..." அவ்வளவுதான், குடும்பக் குரூப்பில் வாழ்த்து ஒன்று இறங்கியது. "இனிய காலை வணக்கம் ரோஜா ரோஜா ரோஜா ரோஜா கூப்பிய கைகள் கூப்பிய கைகள் சிவப்பு இதயம் சிவப்பு இதயம்..." கண்ணுள்ளவருக்கு அது நாலு பூப்படம், அரைச் செக்கன். அவருக்கு ஒவ்வொரு பூவும் ஒரு சொல், ஒவ்வொரு சொல்லும் ஓடிபியின் ஆயுளில் ஒரு துண்டு. அதை நிறுத்தித் திரும்ப எஸ்எம்எஸ்ஸைத் தேடிப் போவதற்குள் வங்கி ஆப், நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிட்டது. மூன்றாம் தரம்தான் காசு போனது. "அண்ணன், எனக்குக் கண் இல்லாதது பெரிய பிரச்சினையில்ல, காலையில வணக்கம் சொல்ற ஆக்கள்தான் பிரச்சினை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் இதற்கு மேல் ஒரு சோதனை, அதை அந்தக் குரல் வாசிப்பதைக் கேட்டால் அது எந்த நாட்டு மொழி என்று நமக்கே விளங்காது.

இதெல்லாம் யாருக்கும் தோன்றாத விஷயமும் இல்லை. இணையத்தளங்களை எல்லாரும் பாவிக்கக்கூடியதாகச் செய்வதற்கு டபிள்யூ3சி என்ற உலக அமைப்பு வகுத்த வழிகாட்டு நெறிகளில், 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே "இடையூறுகள்" என்ற தலைப்பில் ஒரு விதி உண்டு: அவசரநிலை தவிர்ந்த எந்த இடையூறையும் பாவிக்கிறவர் பிற்போடவோ நிறுத்தவோ முடிய வேண்டும். நல்ல விதி, ஆனால் அதை மூன்று படிகளில் ஆக மேல்படியில் வைத்தார்கள். சட்டங்கள் பொதுவாகக் கேட்பது இரண்டாம் படிவரைதான், ஆகவே கம்பனிகள் அங்கேயே இறங்கிக்கொள்கின்றன. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், போனில் வட்ஸ்அப் என்ற ஒன்று பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியது. 2016இல் இலங்கை ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது, அதன் 9ஆம் உறுப்புரையில் தகவல் தொழில்நுட்பமும் அடங்கும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானவர்களுக்குப் பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ நினைவில் வைப்பதிலோ ஏதோ ஒரு சிரமம். இது பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு மேல், ஒரு நாள் கடைக்கு வருகிறவர்களிலேயே இரண்டு மூன்று பேர் வந்துவிடுவார்கள்.

காது கேளாதவர்களின் கதை தலைகீழ். "அதிர்வையும் நிறுத்திவிடு" என்ற பொது ஆலோசனை அவர்களிடம் செல்லாது, அதிர்வும் வெளிச்சமும்தான் அவர்களின் மணி. ஐபோனில் அழைப்பு வந்தால் கமரா லைற்றை மின்ன வைக்கும் வசதி பல வருடமாக உண்டு, அண்ட்ரொய்டில் 2023இல் வந்த 14ஆம் பதிப்போடு சேர்ந்தது. ஆனால் செருப்பு விளம்பரத்துக்கும் அதே லைற் மின்னினால் இரண்டு நாளில் அந்த மின்னலை யாரும் மதிக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேவை குப்பையை வடிப்பதுதான். காதுக் கருவி போடுகிறவர்களில் அதைப் புளூடூத்தில் போனோடு இணைத்தவர்களுக்கு "டிங்" என்ற சத்தம் நேரே காதுக்குள்ளேயே விழுகிறது, அதுவும் எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டால்? 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது, பங்கெடுத்தவர்கள் இந்தியர்கள். அறிவித்தல்களைச் சேர்த்து வைத்து நாளுக்கு மூன்று தரம் மட்டும் கொடுத்த ஆட்களுக்குக் கவனமும் மனநிலையும் நன்றாக இருந்தன. ஒன்றுமே வராமல் நிறுத்தப்பட்டவர்களுக்கோ ஏதோ தவறிப்போகிறது என்ற பதற்றம் கூடிவிட்டது. எங்கள் ஊரில் அந்தப் பதற்றத்துக்கு நியாயமும் இருக்கிறது. நவம்பர் பிறந்து வாடைக்காற்று மழை பிடித்துவிட்டால் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்களா, அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பிவிட்டதா, குருமண்வெளிப் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) மண்டூருக்கு ஓடுகிறதா, வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போன ஆள் திரும்பி வரலாமா, எல்லாம் இந்தப் போன் வழியாகத்தான் வருகின்றன. 2024 நவம்பர் கடைசியில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளத்தால் இடைநிறுத்தினார்கள். அன்றைக்குப் படிப்புக்காகப் போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்திருந்த பிள்ளை, தண்ணீருக்குள் நனைந்துகொண்டு பரீட்சை மண்டபம் வரை போயிருக்கும்.

ஆகவே கடையில் நான் யாருக்கும் போனை ஊமையாக்கிக் கொடுப்பதில்லை. வீட்டுப் படலையில் எல்லாருக்கும் ஒரே மரியாதையா? சிலர் திறந்துகொண்டு குசினி வரை வருவார்கள், சிலர் வெளியில் நின்று கூப்பிடுவார்கள், சிலரை நாய் பார்த்துக்கொள்ளும். அந்தக் கணக்கில்தான் செய்கிறேன். முதல் கேள்வி, நடுச்சாமத்தில் எடுத்தாலும் எழும்ப வேண்டிய ஆட்கள் யார்? பெரும்பாலும் நாலைந்து பேர். அவர்களின் பெயருக்கு நட்சத்திரம் போட்டு, "டூ நொட் டிஸ்டர்ப்" (தொந்தரவு செய்யாதே) என்ற வசதியில் அவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறேன். அதற்குள்ளேயே ஒரே ஆள் திரும்பத் திரும்ப எடுத்தால் மணி அடிக்கவிடும் தெரிவும் இருக்கிறது, அண்ட்ரொய்டில் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் தரம் எடுத்தால், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் எடுத்தால். அவசரம் உள்ளவன் கட்டாயம் இரண்டாம் தரம் எடுப்பான், கடன் கேட்கிறவனும் எடுப்பான், அதற்கு மருந்தில்லை.

அப்புறம் மிச்சத்தை வடிப்பது. தொல்லை தரும் அறிவித்தல் ஒன்று வந்தால் அதைத் தள்ளிவிடாமல் விரலால் அழுத்திப் பிடியுங்கள், எந்த வகை என்று காட்டும், அந்த இடத்திலேயே சத்தமில்லாமல் ஆக்கலாம் அல்லது நிறுத்தலாம். கணக்கில் காசு வந்த செய்தியும் கடன் அட்டை விளம்பரமும் தனித்தனி வகை என்றால் விளம்பரத்தை மட்டும் வெட்டலாம். இரண்டையும் வேண்டுமென்றே ஒரே வகைக்குள் போட்டு வைக்கும் ஆப்புகளும் உண்டு, அது நேர்மையில்லாத வேலை. வைரஸ் என்று பயமுறுத்துவது வைரஸ் இல்லை, எப்போதோ ஒரு செய்தித் தளத்தில் "அனுமதி" என்பதைத் தெரியாமல் அமத்தியதன் பலன், குரோம் செட்டிங்ஸில் தளங்களுக்கான அறிவித்தல் பட்டியலைத் திறந்தால் எல்லாரும் அங்கே வரிசையாக நிற்பார்கள். என் அம்மாவின் போனில் அந்தப் பட்டியலைக் கண்டு எனக்கே தலை சுற்றியது. கண் தெரியாதவர், கை நடுங்குகிறவர், மெதுவாக வாசிக்கிறவர் இவர்களுக்கு அண்ட்ரொய்ட் 10இலிருந்து அணுகல் வசதிகளுக்குள் இன்னொரு நல்ல விஷயம் உண்டு: எட்டிப் பார்த்து மறையும் செய்திகள் திரையில் நிற்கும் நேரத்தை 2 நிமிடம் வரை நீட்டலாம். ஆரையம்பதிக் கூட்டாளிக்கு முதலில் செய்தது இதைத்தான். தவறிப் போனதைத் தேடிப் பிடிக்க, அண்ட்ரொய்ட் 11இலிருந்து அறிவித்தல் வரலாறும் இருக்கிறது. ஐபோன்காரர்கள் 2021இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து அவசரமில்லாதவற்றை நேரம் குறித்துச் சேர்த்து வாங்கலாம், அந்த இந்திய ஆய்வில் செய்த மாதிரியே.

வட்ஸ்அப் குரூப் வேறு விதமான சிக்கல், அதில் பொத்தானைவிட உறவுதான் பெரிசு. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது வீட்டுப்பாடத்துக்கென்று தொடங்கிய குரூப்புகள், பள்ளிக்கூடம் திறந்தும் கலையவில்லை. கோயில் குரூப், பள்ளிவாசல் குரூப், சங்கக் குரூப், ஓஎல் பச் குரூப், எதிலிருந்தும் இறங்க ஒண்ணா. நிரந்தரமாகச் சத்தத்தை அடக்கலாம், ஆர்க்கைவ் என்ற ஒதுக்குப் பெட்டிக்குள் போட்டுவிடலாம், 2022இலிருந்து அட்மினைத் தவிர மற்றவர்களுக்கு அறிவித்தல் போகாமல் வெளியேறவும் முடியும். மருமகளுக்கு ரியூசன் குரூப்பை அடக்கிவிட்டு, அம்மாவுக்கு மட்டும் வேறு சத்தம் வைத்தோம். இப்போது கணக்கு நடுவில் "அம்மாவா?" என்ற கேள்வி இல்லை, அம்மா என்றால் அந்தச் சத்தம்.

ஆரையம்பதிக் கூட்டாளியின் குடும்பக் குரூப்பை விட்டு வெளியேறிவிடுவோமா என்று கேட்டேன். அட்மின் அவருடைய அத்தான், அட்மினுக்குத்தான் தெரியவரும். ஆகவே ஆர்க்கைவுக்குள் போட்டோம். இரண்டு வாரம் ஓடிபி எல்லாம் முதல் தரத்திலேயே சரிவந்தது. மூன்றாம் வாரம் கடைக்கு வந்து கதிரையில் இருந்தவர், அத்தான் இப்போது தினமும் காலையில் நேரே அழைப்பு எடுத்து, "நான் போட்ட வாழ்த்துப் பார்த்தியா?" என்று கேட்கிறாராம். அத்தானின் பெயருக்கு நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறோம்.